முயலின் வயிறு

வீட்டில் வளர்க்கும் பிராணிகளுக்குள் முயலைப் போன்ற சாது வேறொன்று இல்லை. நாய்க்குப் பசித்தால் குரைக்கும். பூனைக்குப் பசித்தால் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தும். கிளியோ வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லியே அதட்டும். முயல் மட்டும் வாய் திறப்பதில்லை. பசித்தாலும் திறப்பதில்லை, வயிறு நொந்தாலும் திறப்பதில்லை. பேசாமல் ஒரு மூலையில் போய் உட்கார்ந்து கொள்ளும். "இன்றைக்கு என்னமோ ரொம்பச் சமர்த்தாக இருக்கிறது!" என்று வீட்டார் மெச்சிக் கொள்வார்கள். மறுநாள் காலையில் கூண்டைத் திறந்து பார்த்தால் அது விறைத்துக் கிடக்கும். குழந்தைகள் அழுவார்கள். "நேற்று வரையில் நன்றாகத்தானே இருந்தது? என்ன வியாதி என்றே தெரியவில்லையே!" என்று பெரியவர்கள் கையைப் பிசைவார்கள்.

அந்த வியாதியில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இப்படித் திடீரென்று மடிகிற வீட்டு முயல்களில் பலவற்றின் கதை வயிற்றில் தொடங்கி வயிற்றிலேயே முடிகிறது. அந்த வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் பகைவர் கை அல்ல. அன்போடு பிஸ்கோத்தையும் காரட்டையும் நீட்டும் நம்முடைய கைதான். ஆகவே, முயல் வளர்க்கும் வீட்டாரும், குழந்தையின் பிறந்த நாளுக்கு ஒரு ஜோடி வாங்கித் தர எண்ணியிருக்கும் தாய் தந்தையரும் முயலின் வயிற்றைப் பற்றிச் சிறிது தெரிந்து கொள்வது அவசியம். தெரிந்து கொண்டால் வியப்பும் உண்டாகும். இயற்கை அமைத்திருக்கும் விசித்திர இயந்திரங்களுள் அதுவும் ஒன்று.

எந்த முயல்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவு செய்து கொள்வோம். நம் நாட்டுக் காடுகளிலும் புன்செய்க் காடுகளிலும் ஓடுகிற முயல் வேறு. நாம் கூண்டில் வளர்க்கும் முயல் வேறு. சந்திரனில் முயலைக் கண்ட நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது காட்டு முயல். அது வளை தோண்டுவதில்லை. புல்லிடையே மறைவான பள்ளத்தில் குட்டி போடும். அந்தக் குட்டிகள் பிறக்கும்போதே கண் திறந்து, உடம்பில் உரோமத்துடன் இருக்கும். 1972-ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

வீட்டு முயலின் பூர்விகம் ஐரோப்பாவில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பம். அது மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் ஜாதி. குட்டிகள் கண் மூடி, உரோமமின்றி, சுண்டுவிரல் நீளத்தில் பிறக்கும். கடைகளில் நாம் காணும் வெள்ளை முயல், கறுப்பு முயல், காது தொங்கும் முயல், பஞ்சுப் பொதி போன்ற அங்கோரா முயல் எல்லாம் அந்த ஒரே இனத்தின் சந்ததிகள்தான்.

வெயிலில் காய்ந்த அந்த நாட்டுச் சரிவுகளில் முயலுக்குக் கிடைத்தது என்ன? முரட்டுப் புல், பூண்டு, தழை, பட்டை. அவ்வளவே. அந்த ஆகாரத்தில் சத்தும் சொற்பம். அதைக் கொண்டு உயிர் வாழ வேண்டும். நரியும் பருந்தும் வருமுன் தின்றுவிட்டு வளைக்குள் ஓடவும் வேண்டும். இந்த இரண்டு நெருக்கடிகளுக்கும் ஏற்ற வயிறு அதற்கு வாய்த்தது. வீட்டுக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகியும், நிறம் மாறியது, காது மாறியது, உருவம் மாறியது. வயிறு மட்டும் மாறவில்லை. மெத்தையில் தூங்கும் முயலுக்கும் ஸ்பெயின் தேசத்துப் புல்வெளி வயிறுதான்.

வாயிலிருந்து ஆரம்பம்

வயிற்றின் கதை வாயில் தொடங்குகிறது. முயலுக்கு 28 பற்கள். மேல் தாடையில் முன்னால் தெரியும் இரண்டு பற்களுக்குப் பின்னால், ஒளிந்து கொண்டிருப்பது போல் இன்னும் இரண்டு சிறு பற்கள் உண்டு. எலிக்கும் அணிலுக்கும் அவை இல்லை. இது போன்ற வேற்றுமைகளைக் கண்டுதான், அதுவரையில் எலி, அணில் முதலியவற்றோடு சேர்த்து எண்ணப்பட்டு வந்த முயலை, 1912-ம் வருஷத்தில் தனி வரிசையாகப் பிரிக்க வேண்டுமென்று கிட்லி என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வற்புறுத்தினார். இன்று அது தனி வரிசையாகவே கருதப்படுகிறது.

அந்த 28 பற்களும் ஆயுள் முழுவதும் வளர்ந்து கொண்டே இருக்கின்றன. முன்பல் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளர்கிறது. தேயாமலே வளர்ந்தால் ஒரு வருஷத்தில் 10 சென்டிமீட்டர் நீண்டு விடும்! அப்படி நீளாமல் காப்பது எது? புல். புல்லில் மணலைப் போன்ற சிலிக்காச் சத்து கலந்திருக்கிறது. முயல் புல்லைக் கடைவாயில் இட்டுத் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைக்கும்போது, திரிகைக் கல் தேய்வது போல் பல்லும் தேய்கிறது. பிஸ்கோத்தும் ரொட்டியும் சோறும் அப்படி அரைக்க வேண்டாதவை. இரண்டு கடியில் கரைந்து போகும். பல் தேய வேலை இல்லை. நாளடைவில் கடைவாய்ப் பற்கள் கோணலாக வளர்ந்து, முனை கூர்மையாகி, நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கின்றன. முயல் ஆகாரத்தை முகர்ந்து பார்க்கும். ஆசையாக வாயில் கவ்வும். பிறகு கீழே போட்டுவிடும். மோவாய் எச்சிலால் நனைந்திருக்கும். "சாப்பாடு பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்று நாம் இன்னும் மெதுவான பண்டம் ஒன்றைத் தேடிக் கொடுக்கிறோம். வியாதிக்கு எரு இட்டது போல் ஆகிறது.

நிற்காத ஆலை

வாயைத் தாண்டினால் இரைப்பை. ஆரோக்கியமான முயலின் இரைப்பை ஒரு போதும் காலியாக இருப்பதில்லை. நாம் இரண்டு வேளை, மூன்று வேளை என்று சாப்பிடுகிறோம். முயலோ இரவு பகல் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக் கொண்டே இருக்கும். இன்னொரு விசேஷம், முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழ் வழியாகத்தான் வெளியேற வேண்டும். எனவே, தகாததைத் தின்றுவிட்டால் அதை வெளியே தள்ளும் உபாயம் அதற்கு இல்லை.

சிறுகுடலுக்கு அப்பால் இருக்கிறது குருட்டுக் குடல். மனிதனுக்கு அது ஒரு சிறு பை. முயலுக்கோ வயிற்றறையில் பெரும் பங்கை அடைத்துக் கொண்டு சுருண்டு கிடக்கும் பெரிய பாண்டம். ஜீரணப் பாதையில் உள்ள பொருளில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு அதில்தான் தங்குகிறது. கோடானு கோடி நுண்கிருமிகள் அங்கே குடியிருந்து, முயலால் தானே செரிக்க முடியாத நாரைப் புளிக்க வைத்து, சத்தாக மாற்றித் தருகின்றன. நம் வீட்டில் இட்லி மாவு புளிப்பதற்கு ஒரு பாத்திரமும் சரியான சூடும் நேரமும் தேவையாயிருக்கின்றன அல்லவா? முயலுக்கு அந்தப் பாத்திரம் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

அந்தப் பாத்திரத்துக்குள் எது போக வேண்டும், எது போகக் கூடாது என்று தீர்மானிப்பது பெருங்குடலின் முற்பகுதி. நம் பெண்மணிகள் முறத்தில் புடைப்பது போல அது ஆகாரத்தைப் பிரிக்கிறது. முரட்டு நார் ஒரு பக்கம் ஒதுங்கி, உருண்டை உருண்டையான உலர்ந்த புழுக்கையாக விரைவில் வெளியேறுகிறது. மெல்லிய துகளும் நீரும் பின்னோக்கிச் சென்று குருட்டுக் குடலில் சேருகின்றன. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த முரட்டு நாரிலிருந்து முயலுக்குச் சத்து ஏதும் பெரிதாகக் கிடைப்பதில்லை. ஆனால் குடலைத் தள்ளித் தள்ளி ஓடச் செய்வது அதுதான். நார் குறைந்தால் ஆலையின் சக்கரம் மெதுவாகச் சுழல்கிறது. அடியோடு நின்றும் போகிறது.

இரண்டாம் பந்தி

இனி, கேட்பவர்கள் முகம் சுளிக்கக் கூடிய ஒரு சமாசாரம். குருட்டுக் குடலில் பக்குவமான சத்துப் பொருள், நாளில் ஒன்றிரண்டு தடவை, திராட்சைக் குலை போன்ற மெல்லிய பளபளப்பான புழுக்கையாக வெளிவருகிறது. முயல் தலையைக் குனிந்து, அது தரையில் விழுவதற்கு முன்பே வாயில் எடுத்து, மெல்லாமல் விழுங்கி விடுகிறது. அதில் புரதச் சத்தும், பி வகை வைட்டமின்களும், கே வைட்டமினும் நிறைந்திருக்கின்றன. முதல் பந்தியில் கிடைக்காத சத்து இரண்டாம் பந்தியில் கிடைத்து விடுகிறது. காட்டில் அந்தியிலும் விடியலிலும் வெளியே வந்து அவசரமாகத் தின்ற புல்லை, வளைக்குள் பத்திரமாக இருந்து கொண்டு மறுபடியும் உண்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு இது. பசு அசை போடுவதற்குச் சமானம் என்று சொல்லலாம்.

அசை போடுதல் என்றதும் நினைவு வருகிறது. யூதர்களின் பழைய வேத நூலில் லேவியராகமம் என்னும் பகுதி, முயலை அசை போடும் பிராணிகளுடன் சேர்த்திருக்கிறது. 1882-ம் வருஷத்தில் மொரோ என்ற பிரெஞ்சு மிருக வைத்தியர் முயலின் இந்த இரண்டு வகைப் புழுக்கையைப் பற்றி எழுதினார். உலகம் அதை மறந்து விட்டது. 1939-ம் வருஷத்தில் இங்கிலாந்தின் 'நேச்சர்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் "முயல் அசை போடுகிறதா?" என்ற கேள்வியை மறுபடியும் கிளப்பினார்கள். அதன் பிறகே விஷயம் எங்கும் பரவிற்று.

முயல் இப்படிச் செய்வதைக் கண்ட சில வீடுகளில், அசுத்தப் பழக்கம் என்று எண்ணி அதை அதட்டுவதும், கழுத்தில் அட்டை கட்டி வைப்பதும் உண்டு. அது பெரும் பிசகு. இந்த இரண்டாம் பந்தியைத் தடுத்தால் முயல் மெலியும். மாறாக, மெல்லிய புழுக்கை தின்னப்படாமல் கூண்டில் அப்பிக் கிடக்குமானால், அதுவே கவலைக்கு இடம். சத்து மிகுந்த பண்டம் அதிகமாகி, முயலுக்கு அந்தப் பந்தி வேண்டாமற் போயிருக்கலாம். அல்லது உடல் பெருத்தோ, முதுகு நொந்தோ அதனால் குனிய முடியாமல் இருக்கலாம்.

காரட் வந்த விதம்

முயல் என்றால் காரட் என்று குழந்தைக்குக் கூடத் தெரியும். இந்த ஞானம் எங்கிருந்து வந்தது? வளையில் வாழும் முயல் கிழங்கைத் தோண்டித் தின்று பிழைப்பதில்லை. 1940-ம் வருஷம் ஜூலை மாதம் அமெரிக்காவில் 'எ வைல்ட் ஹேர்' என்ற கேலிச் சித்திரப் படம் வெளியாயிற்று. அதில் பக்ஸ் பன்னி என்ற முயல் காரட்டைக் கடித்துக் கொண்டே வேட்டைக்காரனைப் பரிகாசம் செய்தது. 1934-ல் வந்த ஒரு படத்தில் கிளார்க் கேபிள் என்ற நடிகர் காரட்டைக் கடித்தபடி மூச்சு விடாமல் பேசுவார். அதைப் பார்த்துச் செய்த கேலிதான் அந்த முயலின் காரட் என்று கூறுவதுண்டு. ஆக, சினிமா நட்சத்திரத்தின் தின்பண்டம் சித்திர முயலின் கைக்குப் போய், அங்கிருந்து நம் வீட்டு முயலின் கூண்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

காரட்டில் சர்க்கரை அதிகம். விரல் நகம் அளவு துண்டு ஒன்று கொடுத்தால் பாதகமில்லை. நாள்தோறும் முழுக் காரட் கொடுப்பது, குழந்தைக்குச் சாதத்துக்குப் பதில் மைசூர்பாகு ஊட்டுவது போன்றது. வாழைப்பழம், ஆப்பிள் முதலிய பழங்களும் அப்படியே. சோறு, இட்லி, ரொட்டி, பிஸ்கோத்து, பொரி, முறுக்கு, கடலை ஆகிய மாப்பண்டங்களும் எண்ணெய்ப் பண்டங்களும் அறவே கூடாது. மாச்சத்தும் சர்க்கரையும் மிகுந்தால் குருட்டுக் குடலில் புளிப்பு முறை தவறி, வாயு நிறைகிறது. நல்ல கிருமிகள் மடிந்து, நஞ்சைக் கக்கும் கிருமிகள் பெருகுகின்றன. வளர்ந்த முயலுக்குப் பாலும் ஆகாது.

கடைகளில் தானியம், பருப்பு, வண்ண வண்ணத் துண்டுகள் எல்லாம் கலந்து அழகான பொட்டலங்களில் முயல் தீவனம் விற்கிறார்கள். அதைப் பற்றி ஸ்காட்லாந்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்து மிருக வைத்தியப் பள்ளியார் 17 மாத காலம் ஒரு சோதனை செய்தார்கள். சில முயல்களுக்கு உலர்ந்த புல் மட்டும். சிலவற்றுக்குப் புல்லோடு குச்சித் தீவனம். சிலவற்றுக்குப் புல்லோடு கலவைத் தீவனம். மற்றும் சிலவற்றுக்குக் கலவைத் தீவனம் மட்டும். கலவையைத் தின்ற முயல்கள் செய்தது என்ன? மிக்சரில் முந்திரியைப் பொறுக்கும் குழந்தைகளைப் போல, மாவும் இனிப்புமான துண்டுகளைப் பொறுக்கித் தின்று, நார் நிறைந்தவற்றை ஒதுக்கி விட்டன. கலவை கொடுத்த இடத்தில் புல் தின்பது குறைந்தது, உடல் பெருத்தது, புழுக்கை சிறுத்தது. பல்லும் ஒழுங்கு தவறியது.

புல்லே பிரதானம்

அப்படியானால் என்னதான் கொடுப்பது? பதில் மிகவும் சுலபமானது, செலவும் சொற்பம். புல், புல், மேலும் புல். முயல் ஒரு நாளில் உண்பதில் நூற்றுக்கு 80 முதல் 85 பங்கு வரை பசும்புல்லாகவோ உலர்ந்த புல்லாகவோ இருக்க வேண்டும். முயலின் உடல் அளவுக்கு ஒரு குவியலை இரவும் பகலும் அதன் எதிரில் இருக்கும்படி வைத்து விடலாம். எவ்வளவு தின்றாலும் குற்றமில்லை.

அறுகம்புல், கொழுக்கட்டைப் புல், கினியாப் புல் எல்லாம் நல்லவை. புல்லை மெல்லியதாகப் பரப்பி நன்றாக உலர்த்தி, காற்றாட வைத்தால் மழைக் காலத்துக்கும் உதவும். பூஞ்சைக் காளான் பிடித்த புல்லும், வெட்டிக் குவித்துச் சூடேறிப் போன புல்லும் விஷத்துக்கு ஒப்பானவை. பூச்சி மருந்து தெளித்த வயல் வரப்பிலும், வண்டிப் புகையும் நாயின் அசுத்தமும் படிகிற தெருவோரத்திலும் புல் பறிக்கலாகாது. வைக்கோலைப் புல் என்று எண்ணி ஏமாறவும் கூடாது. அதில் சத்து மிகக் குறைவு. படுக்கைக்கு இடலாம், பந்திக்கு ஆகாது.

குதிரை மசால், வேலி மசால், முயல் மசால் என்று மசால் வகைகள் சில நம் நாட்டில் பயிராகின்றன. முயல் மசால் என்ற பெயரைக் கேட்டதும், இது முயலுக்கென்றே ஏற்பட்டது என்று தோன்றும். ஆனால் இவை பயறு ஜாதிச் செடிகள். இவற்றில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. வளரும் குட்டிக்கும், குட்டி ஈன்ற தாய்க்கும் நல்லவை. வளர்ந்த முயலுக்கு இவற்றையே முழு ஆகாரமாகக் கொடுத்தால் தீமை. முயலின் உடல், வேண்டிய அளவு சுண்ணாம்பை மட்டும் ஏற்காமல், ஆகாரத்தில் உள்ளதைத் தாராளமாக உறிஞ்சிக் கொண்டு, மிகுந்ததைச் சிறுநீரில் கழிக்கிறது. முயலின் சிறுநீர் கலங்கிச் சுண்ணாம்பு நீர் போல் காண்பது இதனால்தான். அளவு மீறினால் அது சிறுநீர்ப்பையில் சேறாகப் படிந்து வேதனை தரும்.

புல்லுக்கு அடுத்தபடி கீரை. கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, காரட்டின் இலை முதலியவற்றைக் கழுவி, நாள்தோறும் ஒரு கைப்பிடி கொடுக்கலாம். நாம் குப்பையில் எறியும் காரட் இலைதான் முயலுக்கு உகந்தது. நாம் ஊட்டும் கிழங்கு அல்ல என்பது வேடிக்கை. பாலக், பசலை, தண்டுக்கீரை ஆகியவற்றில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதியாதலால் எப்பொழுதாவது கொடுத்தால் போதும். புதிய கீரை எதையும் ஒரு சிட்டிகையில் தொடங்கி, இரண்டொரு நாள் புழுக்கையைப் பார்த்து, பிறகே அதிகப்படுத்த வேண்டும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சாக்லேட் ஆகியவை கூடாது. தோட்டத்தில் அரளியும் ஆமணக்கும் இருந்தால் முயலை அந்தப் பக்கம் விடக் கூடாது.

கடைக் குச்சித் தீவனம் கொடுப்பதானால், முயலின் எடையில் கிலோவுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம். இங்கே ஒரு சந்தேகம் எழலாம். முயல் பண்ணைகளில் குச்சித் தீவனத்தை வாரி வழங்குகிறார்களே என்று கேட்பீர்கள். பண்ணைக்காரருக்கு முயல் சில மாதங்களில் எடை ஏறி இறைச்சிக்கு ஆக வேண்டும். நம் வீட்டு முயலோ எட்டுப் பத்து வருஷம் குழந்தைகளோடு வாழ வேண்டும். பண்ணைக்குச் சொன்ன புத்திமதி வீட்டுக்குப் பொருந்தாது.

குட்டிகளின் ஆபத்து

தாய் முயல் நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, சில நிமிஷ நேரமே குட்டிகளுக்குப் பால் கொடுக்கும். மூன்று வாரத்தில் குட்டிகள் புல்லைக் கடிக்கப் பழகுகின்றன. கூட்டில் தாய் இட்ட புழுக்கையையும் தின்று, குடலுக்கு வேண்டிய நல்ல கிருமிகளைப் பெறுகின்றன. பால் மறந்து, புல்லுக்கு வயிறு பக்குவமடையும் இந்தக் காலந்தான் மிகவும் அபாயமானது. அதற்கு முன்பே தாயிடமிருந்து பிரித்து, கூடையில் அடைத்து, உள்ளங்கை அகலக் குட்டிகளைச் சந்தையில் விற்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் புது இடம், புது ஆகாரம், பயம் எல்லாம் சேர்ந்து பேதியாகி, ஒரு வாரத்துக்குள் இறந்து போகும் குட்டிகள் பல. எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்காமல் இருப்பதே தருமம். வாங்கிய பின் முதல் இரண்டு வாரம், பழைய இடத்தில் தின்ற ஆகாரத்தையே கொடுத்து, மெல்ல மெல்ல மாற்ற வேண்டும்.

குட்டிகளைத் தாக்கும் மற்றொரு வியாதி காக்ஸிடியா என்னும் நுண்ணுயிரால் வருவது. குடலில் ஒரு வகையும், ஈரலில் ஒரு வகையும் உண்டு. பூதக் கண்ணாடி கொண்டு நுண்ணுயிர்களின் உலகத்தைக் காட்டிய ஹாலந்து தேசத்து லேவன்ஹூக், 1674-ம் வருஷத்திலேயே ஒரு முயலின் பித்த நீரில் இதன் முட்டைகளைக் கண்டிருக்கிறார். இந்த முட்டைகள் வெளியே ஈரத்தில் ஓரிரு நாள் கிடந்த பின்பே பிற முயல்களைப் பற்றும் வலிமை பெறுகின்றன. ஆகையால் நாள்தோறும் கூண்டைத் துப்புரவு செய்து உலர்வாக வைத்திருந்தால் பாதி அபாயம் நீங்கி விடும். மிச்சப் பாதிக்கு வைத்தியர் மருந்து கொடுப்பார்.

ஆலை நின்று விட்டால்

இப்பொழுது முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். ஆகாரக் கேடு, பல்வலி, பயணம், பயம், வெக்கை, தண்ணீர்க் குறைவு, இணை பிரிந்த துக்கம் இவற்றில் எதனாலும் முயலின் குடல் மந்தமாகி நின்று விடலாம். நின்றால் உள்ளே உள்ள பொருள் வற்றி இறுகுகிறது, வாயு பெருகுகிறது, வாயுவினால் வலி, வலியினால் முயல் சாப்பிட மறுக்கிறது, சாப்பிடாததால் குடல் இன்னும் நிற்கிறது. சாப்பாடு இல்லாத உடல் தன் கொழுப்பையே கரைத்து ஈரலில் கொண்டு போய்த் தள்ள, ஈரலும் கெடுகிறது. கொழுத்த முயலுக்கு இந்த ஆபத்து அதிகம். முன் காலத்தில் இறந்த முயலின் இரைப்பையில் மயிர்க் கட்டியைக் கண்டு, அதுவே காரணம் என்று எண்ணினார்கள். முயல் தன்னை நக்கிக் கொள்ளும் போதெல்லாம் மயிர் உள்ளே போய்க் கொண்டுதான் இருக்கிறது. ஓடுகிற குடல் அதைத் தள்ளி விடும். பெரும்பாலும் மயிர் கட்டியாவது குடல் நின்றதன் பலனே ஒழியக் காரணம் அன்று.

வலியை வெளிக்குக் காட்டும் பிராணியை நரி முதலில் பிடிக்கும். ஆதலால் முயல் வலியை மறைக்கும் இயல்புடையது. வாய் பேசாத அதன் நிலைமையை நமக்குச் சொல்லும் சாட்சி புழுக்கைதான். நாள்தோறும் காலையில் கூண்டைப் பாருங்கள். பெரியதாக, உருண்டையாக, ஏராளமாக இருந்தால் க்ஷேமம். சிறுத்து, கோணலாகி, எண்ணிக்கை குறைந்தால் எச்சரிக்கை. அடியோடு இல்லையானால் அபாயம். அதோடு, பிரியமான கீரையை முகர்ந்துவிட்டு விலகுதல், கூனிக் குறுகி உட்காருதல், வயிற்றைத் தரையில் அழுத்துதல், பல்லை நறநறவென்று கடித்தல், காது சில்லிட்டுப் போதல் இவையும் அறிகுறிகள்.

பன்னிரண்டு மணி நேரம் முயல் ஒன்றும் தின்னவில்லை, புழுக்கையும் இடவில்லை என்றால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருக்கலாகாது. அது அவசர நிலை. வயிறு மத்தளம் போல் விறைத்திருந்தால் அவ்வளவு நேரம் கூடக் காத்திருக்கக் கூடாது, குடல் அடைபட்டிருக்கலாம். அப்பொழுது வாயில் எதையும் புகட்டுவது உயிருக்கு ஆபத்து. ஓம வாட்டர், விளக்கெண்ணெய், கஷாயம் என்று கை வைத்தியம் செய்து பொழுதைப் போக்காமல், முயல் வைத்தியம் தெரிந்த கால்நடை வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். அவர் அடைப்பு உண்டா என்று பார்த்து, வலிக்கு மருந்தும், தோலின் கீழ் நீரும், நார் நிறைந்த கஞ்சியும் கொடுத்து, தகுந்தால் குடலை ஓட்டும் மருந்தும் கொடுப்பார். நேரத்தில் போனால் பிழைக்கும் முயல்கள் பல. சென்னை வேப்பேரியில், 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. பிற ஊரார், முயலைப் பார்க்கும் வைத்தியர் யார் என்பதை முயல் நன்றாக இருக்கும் போதே விசாரித்து வைத்துக் கொள்வது நல்லது.

மருந்தே நஞ்சு

வீட்டு அலமாரியில் மீந்து போன மாத்திரையை எடுத்துப் பொடி செய்து முயலுக்குக் கொடுப்போர் உண்டு. மனிதருக்கு அமிர்தம் போன்ற பெனிசிலினும், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின், லின்கோமைசின், கிளிண்டாமைசின் ஆகியவையும் முயலுக்கு வாய் வழியாகக் கொடுத்தால் யமனாக முடியலாம். இம்மருந்துகள் குருட்டுக் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று விடுகின்றன; அந்த வெற்றிடத்தில் நஞ்சைச் சுரக்கும் கிருமிகள் பெருகிச் சில நாட்களில் உயிரைக் குடிக்கின்றன. "சளிக்கு ஒரு மாத்திரை கொடுத்தேன், பேதியாகிப் போய்விட்டது" என்று சொல்லக் கேட்டால், இதுவே காரணமாக இருக்கக் கூடும். வைத்தியரிடம் கூட, "இது முயலுக்கு ஆகுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டு விடுவது குற்றமாகாது.

வெயிலும் தண்ணீரும்

கொடைக்கானல் மலை மேல் மன்னவனூரில், மத்திய ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்று முயல்களையும் வளர்த்து ஆராய்ந்து வருகிறது. அங்குள்ள குளிர் முயலுக்கு இதம். கீழே சமவெளியில் சித்திரை, வைகாசி வெயில் முயலுக்கு எமகண்டம். முயலுக்கு நம்மைப் போல் வியர்த்து உடலைக் குளிர்வித்துக் கொள்ள இயலாது. காதுகளின் வழியாகவே சூட்டைக் கழிக்கிறது. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் வாடுகிறது, தீனி குறைகிறது, குடல் மந்திக்கிறது. கூண்டை மொட்டை மாடியிலோ தகரக் கொட்டகையிலோ வைக்காமல், காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். கூண்டைச் சுற்றி ஈரக் கோணி தொங்க விடலாம். உறைந்த நீருள்ள பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால், முயல் அதன் மேல் சாய்ந்து கொள்ளும்.

இரண்டு கிலோ முயல் ஒன்று நாளைக்கு 100 முதல் 300 மில்லி வரை தண்ணீர் குடிக்கும். கனமான மண் சட்டியில் வைத்தால் கவிழாது. முயலுக்கும் குனிந்து குடிப்பது சுலபம். கீரையை உதறாமல் ஈரத்தோடு கொடுப்பதும் நல்லது. நாளைக்குச் சில மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே ஓடி விளையாட விட வேண்டும். கால் ஓடினால் குடலும் ஓடும்.

பிரியத்தின் அளவு

முயலுக்கு வேண்டியவை இவ்வளவே: ஒரு கட்டுப் புல், ஒரு கைப்பிடி கீரை, ஒரு சட்டி தண்ணீர், ஓட இடம். இவற்றில் விலை உயர்ந்தது ஒன்றுமில்லை. ஆனால் நாள் தவறாமல் செய்ய வேண்டியவை. பிஸ்கோத்து நீட்டுவது ஒரு நிமிஷத்து வேடிக்கை. புல் அறுத்து வந்து போடுவது தினசரி வேலை. பிரியம் எதில் இருக்கிறது என்பதைக் குழந்தைகள் கற்றுக் கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. தனக்கு ருசிப்பதைப் பிறருக்குக் கொடுப்பது அன்பின் முதற்படி. பிறருக்கு எது நன்மை என்று விசாரித்து அறிந்து, அதைக் கொடுப்பது அதற்கு மேற்பட்ட படி. வீட்டு முயலை முன்னிட்டு நம் பிள்ளைகள் அந்தப் படியில் கால் வைப்பார்களானால், முயலும் நெடுநாள் வாழும்; பிள்ளைகளும் நல்லபடி வளர்வார்கள்.